தெருவிளக்கில் எந்த அளவு ‘ஸ்மார்ட்’ போதும்? நகராட்சிகளுக்கு முன்னுள்ள நான்கு வழிகள்

தெருவிளக்குக்கு எல்.இ.டி. போடலாமா வேண்டாமா என்று இன்றைக்கு எந்த மன்றக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் மட்டும் நாடெங்கும் 1.3 கோடிக்கும் மேற்பட்ட பழைய விளக்குகள் எல்.இ.டி.யாக மாறிவிட்டன. முதல் சுற்றில் மாட்டியவை ஒவ்வொன்றாகப் பழுதாகி, இரண்டாம் சுற்றுக்கு டெண்டர் விடும் காலமும் வந்துவிட்டது. இந்தச் சுற்றில் கேள்வி வேறு. தொலைவிலிருந்து அணைத்து ஏற்றும் பெட்டி, விளக்குக்கு விளக்கு தனிக் கட்டுப்பாடு, கம்பத்தின் தலையில் சோலார் பலகை என்று மூன்று விதமான விலைப்பட்டியல்கள் ஒரே வாரத்தில் மேசைக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் ‘80 விழுக்காடு சேமிப்பு’ என்கிறது. கவுன்சிலர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

ஊர் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது என்பது என் கருத்து. 20 வாட் விளக்கு எரியும் சந்துக்கும் 120 வாட் விளக்கு எரியும் புறவழிச் சாலைக்கும் ஒரே டெண்டரில் ஒரே தொழில்நுட்பம் வாங்கும்போதுதான் பணம் வீணாகிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் தரையில் விழும் வெளிச்சம். லக்ஸ் என்பது அதை அளக்கும் அலகு. விளக்கின் வாட் எண்ணைப் பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்வது, பாத்திரத்தின் எடையைப் பார்த்துச் சோற்றின் அளவைச் சொல்வதைப் போன்றது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1944, போக்குவரத்து மிகுந்த முதன்மைச் சாலைக்குச் சராசரி 30 லக்ஸ், அடுத்த நிலைச் சாலைக்கு 15, ஊருக்குள் உள்ள முக்கியத் தெருவுக்கு 8, சிறு தெருவுக்கு 4 என்று வகுத்திருக்கிறது. முழுநிலவின் ஒளி அரை லக்ஸைக்கூட எட்டாது. ஆகவே 4 லக்ஸ் என்பது அவ்வளவு குறைவான வெளிச்சமன்று. சராசரியோடு சீரும் வேண்டும். கம்பத்தடியில் 20 லக்ஸும் இரு கம்பங்களுக்கு நடுவில் இருட்டும் இருந்தால், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும் கண்ணுக்குக் குழி தெரியாது.

இரண்டாவது, பத்தாண்டுச் செலவு. விளக்கின் விலை அதில் ஒரு பகுதிதான். மின்கட்டணம், சிம் கட்டணம், மென்பொருள் உரிமம், பேட்டரி, ஏணி வண்டி, ஆள்கூலி ஆகிய எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மூன்றாவது, விளக்கு அணைந்தால் அது யாருக்கு, எப்போது தெரிகிறது, எத்தனை நாளில் மீண்டும் எரிகிறது என்பது. குடியிருப்பவர்கள் மதிப்பெண் போடுவது இதற்கு மட்டும்தான்.

நான்காவது, நம் மின்பாதையின் குணம். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் கம்பமும் கம்பியும் மின் வாரியத்துக்கும், விளக்கு உள்ளாட்சிக்கும் சொந்தம். மேலே செல்லும் நியூட்ரல் கம்பி காற்றில் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய விளக்குக்கு 400 வோல்ட் வரை ஏறிவிடும். ஒரு தெருவே ஒரே நொடியில் கருகும். பழைய சோக் இதைக் கொஞ்ச நேரம் தாங்கியது. எல்.இ.டி.க்குள் இருந்து அதற்கேற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற மின்சுற்று தாங்காது. 50 ஆயிரம் மணி நேரம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது ஒளிரும் சில்லின் ஆயுள். நடைமுறையில் முதலில் சாவது டிரைவர்தான்.

ஐந்தாவது, சாவி, அதாவது விளக்குகளை இயக்கும் மென்பொருளும் அதன் தரவும், யார் கையில் இருக்கிறது என்பது. ஆறாவது, இருட்டுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது. நீலம் மிகுந்த வெள்ளொளி கண்ணைக் கூசவைப்பதோடு தூக்கத்தையும் பாதிக்கிறது என்பதால், தெருவிளக்கின் நிறவெப்பம் (எண் கூடக் கூட ஒளியில் நீலம் கூடும்) 3,000 கெல்வினுக்கு மேற்போகாமல் இருப்பது நல்லது என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. நம் டெண்டர்களிலோ 5,700, 6,500 கெல்வின் என்றே பழக்க தோஷத்தில் எழுதிவிடுகிறோம்.

## பேரத்துக்கு முன் ஒரு கணக்கு

இரவொன்றுக்கு 12 மணி நேரம், யூனிட்டுக்கு ₹8 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரின் கட்டணம் வேறாக இருந்தால் எண்கள் சற்று நகருமே தவிர, விகிதம் மாறாது.

சோக்கோடு சேர்த்து 52 வாட் இழுக்கும் பழைய டியூப் லைட் ஆண்டுக்கு ஏறத்தாழ 228 யூனிட் குடிக்கிறது. அதன் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. வந்தால் 88 யூனிட். ஆண்டுச் சேமிப்பு சுமார் ₹1,120. பாலாஸ்டோடு 280 வாட் இழுக்கும் சோடியம் விளக்கை 120 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் 700 யூனிட் மிச்சம், ₹5,600. விலைப்பட்டியல் சொல்லும் 80 விழுக்காட்டின் பெரும்பகுதி இந்த மாற்றத்திலேயே வந்துவிடுகிறது. ஏற்கெனவே எல்.இ.டி. எரியும் ஊருக்கு அதே சதவீதத்தை மறுபடி விற்க வருபவரிடம், எந்த விளக்கோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேட்டாலே பேச்சின் வேகம் குறையும்.

## வழி ஒன்று: எல்.இ.டி.யும் வானியல் டைமரும்

சென்னையில் நவம்பர் நடுவில் மாலை 5.40-க்கே சூரியன் மறைகிறது, ஜூலையில் 6.40 வரை நிற்கிறது. சாதாரண டைமரில் ஒரே நேரத்தை வைத்துவிட்டால், ஆண்டின் ஒரு பாதியில் இருட்டிய பிறகு விளக்கு எரியும், மறுபாதியில் வெயிலிலேயே எரியும். வானியல் டைமர் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு அன்றன்றைய உதய, அஸ்தமன நேரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். இணையமும் சிம்மும் இதற்குத் தேவையில்லை. ஒளி உணரி வைப்பதைவிட இது நம்பகமானது. காக்கை எச்சம் விழுந்து கண்ணாடி மறைந்த ஒளி உணரி நண்பகலையும் இரவென்றே நினைத்துக்கொள்ளும்.

இதன் மறைமுகச் செலவு, விளக்கு அணைந்தது யாருக்கும் தானாகத் தெரியாது என்பதுதான். அதற்கும் மலிவான மருந்து உண்டு: ஒவ்வொரு கம்பத்திலும் கண் மட்டத்தில் பெயிண்டால் எண் எழுதி, அந்த எண்ணைச் சொல்லிப் புகார் செய்ய ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். ‘பிள்ளையார் கோயில் தாண்டி மூணாவது போஸ்ட்’ என்று வந்த புகாரைத் தேடி வயர்மேன் அலையும் நேரம் மிச்சமாகும். ஆயிரம் விளக்குக்குக் குறைவான பேரூராட்சிக்கும், விளக்கு அணைந்தால் அரை மணியில் யாராவது போன் செய்துவிடும் நெருக்கமான தெருக்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

## வழி இரண்டு: பெட்டிக்குப் பெட்டி கட்டுப்பாடு

சி.சி.எம்.எஸ். என்று டெண்டர்களில் வரும் முறை இது. ஐம்பது, அறுபது விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் தெருமுனைப் பெட்டியில் மீட்டர், கட்டுப்பாட்டுப் பலகை, சிம் கார்டு மூன்றும் இருக்கும். எப்போது ஏறியது, எப்போது அணைந்தது, எத்தனை யூனிட் ஓடியது, எந்த ஃபேஸ் போயிருக்கிறது என்பதெல்லாம் அலுவலகத் திரையில் தெரியும்.

இது ஏன் வேண்டும் என்பதை ஒரு பேரூராட்சியின் தெருமுனையில் கண்ணால் பார்த்தேன். காலை 11 மணி. தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டிக்குப் பூட்டு இல்லை, கம்பி சுற்றி மூடியிருந்தார்கள். திறந்தால், விளக்குகளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் என்ற சுவிட்சின் காயில் கருகிப்போய், அதன் தலைக்கு மேலே ஒரு நீல ஒயர் வளைந்து இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைத்திருந்தது. அந்த வேலையைச் செய்பவர்கள் இதை ‘டைரக்ட்’ கொடுப்பது என்பார்கள். “காண்டாக்டர் வந்தா மாத்திடலாம் சார், இண்டென்ட் போட்டு நாலு மாசமாச்சு” என்றார் வயர்மேன். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. இரவில் தெரு இருண்டால் திட்டு வாங்குபவர் அவர்தான், பகலில் விளக்கு எரிந்தால் யாரும் திட்டுவதில்லை.

பகலில் எரிவதன் விலையைக் கணக்கிடலாம். ஒரு பெட்டியின்கீழ் 20 வாட் விளக்குகள் 60 என்றால் 1.2 கிலோவாட். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக எரிந்தால் ஆண்டுக்கு 876 யூனிட், ஏறத்தாழ ₹7,000. காலை முதல் மாலை வரை எரிந்தாலோ அந்தப் பெட்டியின் மின்கட்டணமே இரட்டிப்பாகும். டைமர் கெட்டுப்போனதையும் ‘டைரக்ட்’ கொடுத்ததையும் அன்றைக்கே காட்டிக்கொடுப்பது பெட்டிக் கட்டுப்பாட்டின் உண்மையான பயன். மீட்டர் இல்லாத இடத்தில் விளக்குகளை எண்ணிப் பெருக்கிக் கட்டணம் செலுத்தும் ஊராக இருந்தால், அளவீடு கையில் இருப்பதே தனி லாபம்.

விற்பவர் சொல்லாத குறையும் ஒன்றுண்டு. அறுபதில் ஒரு விளக்கு அணைந்தால் பெட்டியின் சுமை 1.7 விழுக்காடுதான் குறையும். அந்தக் குறைவு அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே ‘எந்த விளக்கு பழுது என்று திரையில் தெரியும்’ என்ற வாக்குறுதியைப் பெட்டிக் கட்டுப்பாட்டால் நிறைவேற்ற முடியாது; தெரு முழுவதும் அணைந்தால் தெரியும், ஒற்றை விளக்கு அணைந்தால் தெரியாது. கம்பத்து எண்ணும் புகார்த் தொலைபேசியும் இங்கேயும் வேண்டும்.

இன்னொரு மறைமுகச் செலவு சிம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அதற்கு ரீசார்ஜ் செய்வது யார் பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்காது. 2ஜி மட்டுமே பேசும் மோடம் உள்ள பெட்டியை இன்று வாங்குவது, அந்த வலையமைப்பு நிறுத்தப்படும் நாளில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து மோடம் மாற்றும் செலவை இன்றே ஒப்புக்கொள்வதாகும். இணைப்பு அறுந்தால் பெட்டிக்குள் இருக்கும் வானியல் டைமர் தானாகப் பொறுப்பேற்குமா என்பதைச் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ஓர் இரவு சோதித்துப் பார்க்க வேண்டும்.

## வழி மூன்று: விளக்குக்கு விளக்கு தனிக் கட்டுப்பாடு

‘ஸ்மார்ட்’ என்ற சொல் விளம்பரங்களில் பெரும்பாலும் இதையே குறிக்கிறது. ஒவ்வொரு விளக்கின் தலையிலும் ஒரு சிறு கருவி உட்கார்ந்து, விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைத்து, பழுதானால் தன் எண்ணோடு செய்தி அனுப்பும். நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒன்று அணைக்கும் பழைய வழக்கத்தைவிட, எல்லா விளக்கையும் பாதி ஒளியில் எரியவிடுவது எவ்வளவோ மேல். சீர் கெடாமல் மின்சாரமும் பாதியாகிறது.

ஆனால் எதன் பாதி? 20 வாட் விளக்கை இரவு 12 முதல் காலை 5 வரை பாதியாகக் குறைத்தால் ஆண்டுக்கு மிச்சமாவது 18 யூனிட், ₹146. அந்தக் கருவி விழித்திருக்கவே மின்சாரம் வேண்டும். 1 வாட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டு முழுவதும் சுமார் 9 யூனிட். கையில் நிற்பது ₹76. இதை வைத்துச் சில ஆயிரம் ரூபாய்க் கருவியின் விலையை அதன் ஆயுளுக்குள் மீட்க வழியே இல்லை. அதே கருவியை 120 வாட் விளக்கில் வைத்தால் மிச்சம் 110 யூனிட். கருவியின் பசி போக ₹800-க்கு மேல் நிற்கும். அகலமான சாலையில், ஒரு விளக்கைக் கழற்றப் போக்குவரத்தை நிறுத்தி ஏணி வண்டி கொண்டுவர வேண்டிய இடத்தில், பழுது எங்கே என்று முன்கூட்டியே தெரிவதன் மதிப்பையும் சேர்த்தால் கணக்கு நேராகிறது. எனவே தனிக் கட்டுப்பாடு மேம்பாலத்துக்கும் புறவழிச் சாலைக்கும் உரியது. ஐந்தாவது குறுக்குத் தெருவுக்கு அன்று.

கருவி பகலிலும் பேச வேண்டுமென்றால் தெருவிளக்குக் கம்பியில் பகலிலும் மின்சாரம் இருக்க வேண்டும். இதுவரை காலையில் பெட்டியை அணைத்ததும் அந்தக் கம்பி செத்துவிடும் என்ற பழக்கத்தில் வேலை செய்தவர்கள், இனி விளக்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் மின் வாரியத்திடம் எல்.சி. (கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்க வேண்டும். இது பணியாளர்களின் உயிர் சம்பந்தப்பட்ட மாற்றம். விலைப்பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

ஆள் வந்தால் பிரகாசமாகி, போனால் மங்கும் அசைவு உணரியைப் பற்றியும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஆளில்லாத பூங்காப் பாதைக்கு அது பொருந்தும். நம் தெருக்களில் இரவெல்லாம் நாய்கள் காவல் நடப்பதால், விளக்கு மங்கும் நேரம் மிகக் குறைவு.

சாவி யாரிடம் என்ற கேள்வி இந்த வழியில்தான் கூர்மையாகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மின்சாரத்தைச் சேமிக்கவென்று கணினிக் கட்டுப்பாட்டில் விடப்பட்ட ஓர் உயர்நிலைப் பள்ளியின் சுமார் 7 ஆயிரம் விளக்குகள், 2021 ஆகஸ்டில் மென்பொருள் பழுதானதால் அணைக்க வழியில்லாமல் ஓராண்டுக்கும் மேலாக இரவுபகலாக எரிந்தன. கருவியை நிறுவிய நிறுவனம் அதற்குள் கைமாறியிருந்தது. சான் டியேகோ நகரம் வேறொரு பாடம். போக்குவரத்தை எண்ணவும் மின்சாரத்தைச் சேமிக்கவும் என்று 2016-இல் அங்கீகரித்த தெருவிளக்குகளில் கேமராக்கள் இருந்தன. காவல்துறை அந்தப் பதிவுகளைப் பயன்படுத்துகிறது என்று பின்னர் தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பி, 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கருவிகளை முடக்க 2020-இல் மேயரே உத்தரவிட நேர்ந்தது. விளக்கு வாங்கும் டெண்டருக்குள் கேமராவைச் சொருகுவதை நான் எதிர்க்கிறேன். கேமரா வேண்டுமென்றால் அதைத் தனித் தீர்மானமாக மன்றத்தில் விவாதித்து வாங்கட்டும்.

## வழி நான்கு: தனித்து நிற்கும் சோலார் விளக்கு

தமிழ்நாட்டின் 2012-ஆம் ஆண்டு சூரிய எரிசக்திக் கொள்கை, ஊராட்சிகளில் ஒரு லட்சம் தெருவிளக்குகளைச் சூரிய மின்சாரத்தில் எரியவைக்க இலக்கு வைத்தது. பழைய சோலார் கம்பங்களில் இன்று பலகை இருக்கும், பேட்டரிப் பெட்டி காலியாக இருக்கும். இந்தக் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. ஈய பேட்டரி நான்கைந்து ஆண்டில் ஓய்ந்துபோகும், அதற்கு முன்பே திருடுபோவதும் உண்டு. லித்தியம் பேட்டரி வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் அளவைப் பெருக்கிப் பார்த்தே வாங்க வேண்டும்.

20 வாட் விளக்கு ஓர் இரவுக்கு 240 வாட்-மணி கேட்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சூரியன் முகம் காட்டாத மூன்று நாள் தாங்க வேண்டுமென்றால் 720 வாட்-மணி. பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது என்பதால் 900 அளவுக்கு வேண்டும். சந்தையில் ஒரே பெட்டியாக வரும் விளக்கின் பேட்டரி 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் 384 வாட்-மணி. ஒன்றரை இரவில் தீர்ந்துவிடும். அதன் மேல் ‘90 வாட்’ என்று ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். வேப்பமரமும் புளியமரமும் நிழல் விரிக்கும் தெருவில் எந்தப் பலகையும் பயன் தராது. விளக்குக்காக மரத்தை வெட்டும் யோசனை கூட்டத்தில் வந்தால், அந்தத் தெரு சோலாருக்கு உரியதன்று என்று பொருள்.

கம்பி கொண்டுபோகும் செலவு விளக்கின் செலவை மிஞ்சும் இடத்தில்தான் சோலார் வெல்கிறது: ஏரிக்கரை, சுடுகாட்டுப் பாதை, ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் பேருந்து நிறுத்தம், புயலில் மின்சாரம் போனாலும் எரிந்தாக வேண்டிய பாதுகாப்பு மைய வாசல். கம்பியே திருடுபோகும் இடத்தையும் இதில் சேர்க்கலாம். 2009 முதல் ஏறத்தாழ 1,40,000 விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றிப் பெயர் வாங்கிய லாஸ் ஏஞ்சலஸ், செம்புக் கம்பித் திருட்டால் இருண்ட பகுதிகளில் இப்போது சோலார் கம்பங்களை நடுகிறது.

## அருகருகே

| அளவுகோல் | டைமர் | பெட்டிக் கட்டுப்பாடு | தனிக் கட்டுப்பாடு | சோலார் |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம். கம்பி இழுக்கும் செலவு இல்லை |
| தொடர்செலவு | ஏறக்குறைய இல்லை | பெட்டிக்கு ஒரு சிம், மென்பொருள் | மென்பொருள் உரிமம், வலையமைப்பு, கருவி மாற்றம் | பேட்டரி, பலகை கழுவுதல் |
| ஒற்றை விளக்குப் பழுது | புகார் வந்தால்தான் தெரியும் | புகார் வந்தால்தான் தெரியும் | தானாகத் தெரியும் | புகார் வந்தால்தான் தெரியும் |
| பகலில் எரிவது | டைமர் கெட்டால் தெரியாது | அன்றே தெரியும் | அன்றே தெரியும் | நேர வாய்ப்பில்லை |
| நள்ளிரவில் ஒளி குறைப்பு | டிரைவரிலேயே நேரம் பதித்து வாங்கினால் முடியும் | பெரும்பாலும் முடியாது | முடியும் | முடியும் |
| நிறுவனம் கைவிட்டால் | பாதிப்பில்லை | டைமராக ஓடும், ஏற்பாடு இருந்தால் | பெரும் பாதிப்பு | உதிரி கிடைக்காது |

நள்ளிரவு வரிசையில் டைமருக்கு எழுதியிருப்பதைச் சற்று விளக்க வேண்டும். குறிப்பிட்ட மணிக்குத் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும்படி தொழிற்சாலையிலேயே நேரம் பதித்த டிரைவர்கள் கிடைக்கின்றன. சிம்மும் மென்பொருளும் இல்லாமல் தனிக் கட்டுப்பாட்டின் சேமிப்பில் பெரும்பகுதியை இது கொடுத்துவிடும். திருவிழா நாளில் மட்டும் முழு ஒளி வேண்டும் என்று மாற்ற முடியாது என்பதே இதன் குறை.

## முதலீடு யாருடையது

தேசியத் திட்டத்தை நடத்திய இ.இ.எஸ்.எல். நிறுவனத்தின் முறையில், விளக்குக்கான பணத்தை நிறுவனமே போட்டு, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து ஏழாண்டுகளில் திரும்பப் பெற்றுக்கொள்ளும். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விளக்குகளைச் சாய்த்த விசாகப்பட்டினத்தில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் இப்படித்தான் மாற்றப்பட்டன. கையில் முதல் இல்லாத உள்ளாட்சிக்கு இது வரம். ஆனால் ‘மிச்சம்’ என்பது பழைய விளக்குகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுவது. எரியாமல் கிடந்த சோடியம் விளக்குகளையும் எரிந்ததாகச் சேர்த்துவிட்டால், இல்லாத சேமிப்புக்கு ஏழாண்டு தவணை கட்ட நேரும். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன் ஒரு வாரம் இரவில் நடந்து எண்ணுவது உள்ளாட்சியின் கடமை.

## எந்தத் தெருவுக்கு எது

4 ஆயிரம் விளக்குகள் உள்ள ஒரு நடுத்தர நகராட்சிக்கு நான் யோசனை சொல்ல வேண்டியிருந்தால், எல்லாப் பெட்டிகளையும் பழுதுபார்த்துப் பூட்டுப் போட்டு, ஐம்பது விளக்குக்கு மேல் உள்ள பெட்டிகளுக்கு மட்டும் தொலைக்கட்டுப்பாடு வாங்கச் சொல்வேன். சிறிய பெட்டிகளுக்கு வானியல் டைமர் போதும். 90 வாட்டுக்கு மேற்பட்ட விளக்குகள் எரியும் இரண்டொரு சாலைகளில் தனிக் கட்டுப்பாடு வைக்கலாம். மற்ற இடங்களில் பிற்காலத்தில் கருவி மாட்ட வசதியாக, விளக்கின் தலையில் பொதுத்தரத்துக்குரிய சாக்கெட் மட்டும் கேட்டு வாங்கி மூடிவைத்தால் போதும். ஏரிக்கரைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் சோலார்.

கடலோர ஊராக இருந்தால் இன்னொரு தெருவையும் பிரித்தெடுக்க வேண்டும். சென்னைக் கடற்கரை போன்ற இடங்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் இருட்டில் வெளிச்சமான திசையே கடல் என்று நம்பி நகர்பவை. சாலை விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலைக்கே வந்து சாகின்றன. அங்கே கடற்பக்கம் ஒளி கசியாத மறைப்பும், மஞ்சள் கலந்த குறைந்த ஒளியும், அந்த மாதங்களில் இரவில் அணைத்துவைக்கும் வசதியும் வேண்டும். தனிக் கட்டுப்பாட்டுக்குப் பணக்கணக்கு ஒத்துவராத சிறு விளக்குகளில்கூட அதை நான் பரிந்துரைக்கும் ஒரே இடம் இதுதான்.

எந்த வழியாயினும் டெண்டரில் 440 வோல்ட் வரை தாங்கும் பாதுகாப்பு, 10 கிலோவோல்ட் மின்னெழுச்சித் தடுப்பு, டிரைவரைத் தனியாகக் கழற்றி மாற்றும் வசதி, ஒப்பந்தம் முடிந்தபின் கடவுச்சொற்களும் தரவும் உள்ளாட்சிக்கே என்ற நான்கு வரிகளைச் சேர்த்துவிட்டு, வாங்குவதற்கு முன் இரண்டு தெருக்களில் இரண்டு வாரம் எரியவிட்டுப் பார்ப்பது நல்லது. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் லக்ஸ் மீட்டரோடு போய், கம்பத்தடியில் ஓர் அளவும் இரு கம்பங்களுக்கு நடுவில் ஓர் அளவும் எடுங்கள். நிறுவனத்தின் ஆள் கம்பத்தடியிலேயே நின்றுகொண்டு அங்கேயே அளக்கச் சொல்வார்.